கையில் தீக்காயம் உள்ள ஆள்

வெண்டெல் ப்ரைஸுக்கு வயிற்றுப்புண். ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானத்துக்கு மேல் பாலைத் தவிர வேறெதுவும் உள்ளே இறங்காது. ஐந்து மணிக்கு மேடையேறி, மைக் முன்னால் நின்று, கில் பாரோ என்கிற துப்பறிவாளராகி, அரை மணி நேரத்துக்குள் ஒரு கொலைகாரனைப் பிடித்துக் கொடுத்தாக வேண்டும். அது கிழக்குக் கரைக்கு. நியூயார்க்கிலும் பாஸ்டனிலும் அப்போது சாப்பாடு முடிந்து, குடும்பம் குடும்பமாக ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். பிறகு மேற்குக் கரைக்காரர்கள் சாப்பிட்டு முடிக்கும் வரை காத்திருந்து, அதே கொலையை, அதே கொலைகாரனை, அதே கடைசி வசனத்தை எட்டு மணிக்கு முதலிலிருந்து இன்னொரு முறை. ஹாலிவுட்டில் நடக்கிற நாடகம்தான். ஆனாலும் ஹாலிவுட்காரர்களுக்கு இரண்டாவது பந்தி.

ஏழு வருஷமாக இதுதான் பிழைப்பு. குட்டையான ஆள், முன்வழுக்கை, தடித்த கண்ணாடி. தெருவில் போனால் ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் வாயைத் திறந்து ஒரு காபி கேட்டால் போதும், கடையில் இருக்கிற அத்தனை கரண்டிச் சத்தமும் நின்றுவிடும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு வருஷம், அக்டோபரில் ஒரு ஞாயிறு. முதல் நாடகம் முடிந்து பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே வந்தார். வழக்கம்போல் கையெழுத்துக்கு நாலைந்து பேர். அவர்களெல்லாம் போன பிறகும் ஒரு பெண்மணி மட்டும் சுவரோரமாக நின்றாள். எலும்பு பெருத்த உடம்பு, அந்த ஊர் வெயிலுக்குக் கொஞ்சமும் பொருந்தாத கனத்த பழுப்பு கோட்டு, ஊசி குத்திய தொப்பி. வெண்டெல் பழக்க தோஷத்தில் பேனா மூடியைத் திருகினார்.

"கையெழுத்து வேண்டாம்," என்றாள் அவள். "நீங்கதான மிஸ்டர் ப்ரைஸ்?"

கில் பாரோ என்று கேட்காமல் சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டது அவருக்குப் புதிதாக இருந்தது. "ஆமா, சொல்லுங்கம்மா."

"எம் பேரு நோவோட்னி. நெப்ராஸ்காவுலேர்ந்து வர்றேன். எம் பொண்ணு அடேலக் காணோம். சோளம் வெதைக்கிறப்ப வந்ததுதான் கடைசிக் கடுதாசி. இப்ப அறுத்தும் முடிச்சாச்சு."

வெண்டெலுக்கு இது முதல் தடவை இல்லை. காணாமல் போன கணவன், திருடு போன குதிரை, விஷம் வைத்தது யார் என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. அவர்களுக்கென்றே ஒரு பதில் வைத்திருந்தார்.

"அம்மா, நான் நடிகன். எழுதிக் குடுக்கிறாங்க, படிக்கிறேன். வீட்டுல என் கண்ணாடிய எங்க வெச்சேன்னு கண்டுபிடிக்கக்கூட எனக்கு வக்கில்ல."

"அது எனக்குத் தெரியாதா? நான் பட்டிக்காட்டுக்காரிதான், பைத்தியக்காரி இல்ல." அவள் கோபப்படவில்லை, விஷயத்தைத்தான் சொன்னாள். "போலீஸ்ல போய்க் கேட்டேன். இந்த ஊருக்கு வர்ற பொண்ணுங்க எல்லாம் அம்மாக்காரிகிட்டேர்ந்து தப்பிக்கத்தான் வர்றாங்கன்னு சொல்லிச் சிரிச்சான் ஒருத்தன். அவ தங்கியிருந்த வீட்டுக்காரி சங்கிலிய மாட்டிக்கிட்டே கதவத் தொறக்கிறா, நான் ரெண்டு வார்த்த பேசறதுக்குள்ள சாத்திடறா. மூணு தடவ போயிட்டேன். என் குரலுக்குத் தொறக்காத கதவு உங்க குரலுக்குத் தொறக்கும். கூட வந்து நின்னாப் போதும். கேக்க வேண்டியத நான் கேட்டுக்கிறேன்."

"உங்க பொண்ணு இங்க நடிக்க வந்தாளா?"

"வந்தது அதுக்குத்தான். கெடச்சது சாப்பாட்டுக் கடையில தட்டு எடுக்கிற வேல. ஆனா ஞாயித்துக்கிழமை தவறாம உங்க நாடகம் பாக்க இங்க வருவா. 'அம்மா, நாம அடுப்படியில கேட்ட ஆள நேர்ல பாத்துட்டேன், குட்டையா இருக்காரும்மா'ன்னு எழுதியிருந்தா."

வெண்டெல் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அடுத்த நாடகத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. அந்த வீடும் கூப்பிடு தூரம்தான்.

வீட்டுக்காரி பெயர் டிப்பெட். கதவு ஒரு விரல்கடை திறந்தது. சங்கிலிக்குப் பின்னால் ஒரு கண் தெரிந்தது. அது மிஸஸ் நோவோட்னியைப் பார்த்ததும் கதவு மூடத் தொடங்கியது.

"மிஸஸ் டிப்பெட்," என்றார் வெண்டெல். "ஒரு நிமிஷம் உங்ககூடப் பேச முடியுமா?"

சங்கிலி கழன்று விழுந்தது.

"ஐயோ கடவுளே! இந்தக் குரல்! உள்ள வாங்க, உள்ள வாங்க. நான் ஏப்ரன்கூட மாத்தலையே. அம்மா, நீங்களும் வாங்க, இவர் உங்க சொந்தக்காரர்னு மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?"

சமையலறையில் உட்கார வைத்து ஆப்பிள் பை என்கிற பலகாரத்தை அறுத்து வைத்தாள். அலமாரி மேல் பெரிய ரேடியோ, அதன் தலையில் பின்னல் துணி, துணிக்கு மேல் பீங்கான் நாய். அவளுடைய கண் வெண்டெலின் வாயை விட்டு நகரவே இல்லை.

மிஸஸ் நோவோட்னி கேட்டாள். டிப்பெட் வெண்டெலைப் பார்த்துப் பதில் சொன்னாள்.

"அடேலா? தங்கமான பொண்ணு. சத்தம் போட்டுப் பேசாது. ஒரு நாள் காலையில பெட்டியத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிடுச்சு. எங்க போறேன்னு சொல்லல, நானும் கேக்கல. இங்க வர்ற பொண்ணுங்க அப்படித்தான். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்றால் அவ்வளவுதான். மிஸஸ் நோவோட்னி கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். யாரும் பேசவில்லை. ரேடியோக்காரனுக்கு நிசப்தம் ஆகாது. மூன்று மூச்சு சத்தமில்லாமல் போனால் பெட்டி கெட்டுவிட்டது என்று நினைத்துத் தட்டிப் பார்ப்பார்கள் என்று புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுப்பார்கள். அந்த நிசப்தத்தை வெண்டெலால் பொறுக்க முடியவில்லை. வாரா வாரம் வாயில் வருகிற வசனம், தானாக வந்தது.

"நல்லா யோசிச்சுப் பாருங்க. ரொம்பச் சின்ன விஷயமா இருந்தாலும் சரி. எப்பவுமே ஒண்ணு இருக்கும்."

மிஸஸ் டிப்பெட்டின் முகம் மாறியது. கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஒரு ஆள் இருந்தான்," என்றாள் மெதுவாக.

"எந்த ஆள்?" என்று எழுந்தே விட்டாள் மிஸஸ் நோவோட்னி.

"எதிர்ப்பக்கம் விளக்குக் கம்பத்துக்குக் கீழ நிப்பான். ஒரு கையில மட்டும் கையுறை. ஒரு நாள் சிகரெட்டு பத்த வைக்க அதக் கழட்டினான், பாத்துட்டேன். கை பூரா தீக்காயம். உருகின மெழுகு மாதிரி. கிட்டப் போனா கிராம்பு வாசன அடிக்கும். அந்தப் பொண்ணு போறதுக்கு முன்னாடி கொஞ்ச நாளா நின்னுக்கிட்டு இருந்தான். ஐயோ, இத்தன நாள் எனக்கு இது ஞாபகமே வரலையே!"

அவள் பொய் சொல்லவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது. சொல்லச் சொல்ல அந்த ஆளை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். மிஸஸ் நோவோட்னி மேஜையைச் சுற்றி வந்து அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெண்டெலுக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. எங்கேயோ கேட்ட மாதிரி.

ஸ்டுடியோவுக்குத் திரும்பியபோது ஆஸ்ஸி லுண்டீன் செலரிக் கீரைத் தண்டுகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். நாடகத்துக்குச் சத்தம் போடுகிறவன் அவன். செலரியை முறித்தால் கழுத்தெலும்பு, தோல் திண்டில் பிரம்பால் அறைந்தால் துப்பாக்கி, செலஃபேன் தாளைக் கசக்கினால் தீ. வெண்டெலின் பழைய கூட்டாளி, வாய் கொழுத்தவன்.

"எங்கய்யா போய்த் தொலைஞ்ச? பால் ஆறிப் போச்சு."

வெண்டெல் நடந்ததைச் சொன்னார். கையுறை வந்த இடத்திலேயே ஆஸ்ஸியின் கை நின்றுவிட்டது.

"யோவ், அது நம்ம பூக்கடைக்காரன்யா."

"எவன்?"

"ஈஸ்டருக்கு முந்தின வாரம் போட்டோமே. பூக்கடைக்காரன்தான் கொலைகாரன். கையுறையக் கழட்டச் சொல்லி நீ அதட்டுவ, அந்தச் சத்தத்துக்கு நான் ஈரத் தோல உரிச்சேன். அது சரியா வரலேன்னு ரெண்டு நாள் சண்டை. ஞாபகம் இல்ல?"

வெண்டெல் நாற்காலியில் உட்கார்ந்தார். "'உருகின மெழுகு மாதிரி.'"

"அது உன் வசனம். கிராம்பு உன் வசனம். விளக்குக் கம்பமும் உன்னுதுதான். வாராவாரம் ஒரு விளக்குக் கம்பம் இல்லாம நம்ம எழுத்தாளருக்குக் கை ஓடாது." ஆஸ்ஸி சிரிக்கப் போய், அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான். "அந்தப் பொம்பளையத் திட்டாத. நீ கேட்ட, அவ குடுத்தா. நீ குடுத்ததையே திருப்பிக் குடுத்துட்டா."

"அந்தம்மாகிட்டப் போய்ச் சொல்லணும்."

"சொல்லு. நாடகத்த முடிச்சிட்டுப் போய்ச் சொல்லு."

நாடகம் முடிந்தது. வெண்டெல் போகவில்லை. மிஸஸ் நோவோட்னி தங்கியிருந்த விடுதி வழியில்தான் இருந்தது, ட்ராம் அதன் வாசலில்தான் நின்றது. இன்று ஒரு பொழுதாவது அவள் நிம்மதியாகத் தூங்கட்டும், காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று இறங்காமல் உட்கார்ந்திருந்தார். அது இரக்கம் என்றுதான் அப்போது அவர் நினைத்தார்.

அவள் தூங்கப் போகவில்லை. டிப்பெட் வீட்டிலிருந்து நேராகப் போலீஸ் நிலையத்துக்குப் போயிருந்தாள். முன்பு சிரித்தவன் இந்த முறை சிரிக்கவில்லை. அவள் தனியாகக் கேட்டுக்கொண்டு வந்த விஷயமில்லையே, கில் பாரோவே பக்கத்தில் இருந்து கேட்டதாயிற்றே.

திங்கள் காலையிலும் வெண்டெல் போகவில்லை. மாலைப் பேப்பரில் வந்துவிட்டது. ரேடியோ துப்பறிவாளர் நிஜக் குற்றத்தில் துப்புக் கொடுத்தார். அதே தெருவில் உள்ள சலவைக்கூடத்தில் வேலை செய்யும் எலிசியோ பர்ரா என்ற மெக்சிக்கன் கைது. வலது கையில் தீக்காயம். பக்கத்திலேயே வெண்டெலின் படம், பழைய படம், தலையில் முடியோடு.

பேப்பரை அவர் படித்து முடிப்பதற்குள் தொலைபேசி மணி அடித்தது. க்ளைட் வைனர். நாடகத்தை நடத்துகிற வயிற்றுவலி மாத்திரைக் கம்பெனிக்கு விளம்பரம் பார்க்கிற ஆள்.

"வெண்டெல், உன் வாய்க்குச் சர்க்கரைதான் போடணும்! தவம் கெடந்தாலும் இப்படி ஒரு விளம்பரம் கெடைக்குமா? அடுத்த வாரம் ஆரம்பத்துல ரெண்டு வரி சேக்கிறோம். 'நிஜ வாழ்க்கையிலும்'னு ஆரம்பிக்கிற மாதிரி."

"க்ளைட், அது நம்ம நாடகம். அந்த ஆள் நம்ம நாடகத்துல வந்தவன்."

"சரி, அப்ப இன்னும் நல்லது!" என்றான் வைனர், காதில் வாங்காமல்.

போலீஸ் நிலையத்தில் சார்ஜெண்ட் கோவெல் தன் அறையில் டோநட் தின்றுகொண்டிருந்தார். வெண்டெலைக் கண்டதும் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினார். "துப்பறியும் புலி நேர்லயே வந்துடுச்சே! என் வீட்டுக்காரி நம்ப மாட்டா."

வெண்டெல் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னார். சொன்னது போதாது என்று அந்த வசனத்தையே பேசிக் காட்டினார். கையுறை, மெழுகு, கிராம்பு. குரல் அந்த அறையை நிறைத்தது. அடுத்த அறையில் தட்டச்சு நின்றது. முடித்ததும் கோவெல் கை தட்டினார்.

"அட்டகாசம். உடம்பு சிலிர்க்குது."

"சார்ஜெண்ட், நான் நடிச்சுக் காட்டறதுக்கு வரல. அந்தக் கை கற்பனை. எங்க எழுத்தாளர் உக்காந்து எழுதினது."

"அவர் எழுதினது கற்பனை. சரி. ஆனா அவன் கையில இருக்கிறது கற்பனை இல்லையே? நான் தொட்டுப் பாத்தேன். அந்தத் தெருவுல வெந்து போன கை ஒண்ணுதான் இருக்கு. ஆறு பேர நிக்க வெச்சோம். டிப்பெட்டம்மா கண்ண மூடித் தொறக்கிறதுக்குள்ள அவனக் காட்டிட்டா. உங்க நாடகத்தக் கேக்கறதுண்டான்னும் விசாரிச்சோம். ஒரு வாரம் விடாமக் கேப்பாளாம். ஆனா அது வேற இது வேறன்னு தெரியாத அளவுக்கு நான் மக்கு இல்லன்னு சொல்லிட்டா. அவ முட்டாள்னு கோர்ட்டுல நீங்க வந்து சொல்லப் போறீங்களா?"

"பொண்ணு செத்துட்டான்னே யாருக்கும் தெரியாதே. பெட்டியோடதான போயிருக்கா."

"அதுக்குத்தான் அவன்கிட்டக் கேட்டுக்கிட்டு இருக்கோம்," என்றார் கோவெல், டோநட்டை மறுபடியும் கையில் எடுத்தபடி.

வெளியே தாழ்வாரத்தில் இரண்டு போலீஸ்காரர்கள் ஒருவனை நடத்திக்கொண்டு வந்தார்கள். முப்பது வயதிருக்கும், ஒல்லி, ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. வலது கையில் தோல் சுருங்கிப் பளபளத்தது. வெண்டெல் ஒதுங்கி நின்று, "மன்னிக்கணும்" என்றார், வழி விடுகிறவர் சொல்கிற மாதிரி.

அந்த ஆள் நின்றுவிட்டான். வீங்காத கண் விரிந்தது.

"கில் பாரோ! ஐயா, நீங்கதான! எங்க சலவைக்கூடத்துல ஞாயித்துக்கிழமையும் ஒரு வேளை ஓடும். மெஷின நிறுத்திட்டு உங்க நாடகத்தக் கேப்போம். முதலாளி திட்டுவாரு, அப்புறம் அவரும் வந்து உக்காந்துக்குவாரு." அவன் போலீஸ்காரர்களைத் திரும்பிப் பார்த்தான், இப்போது பாருங்கள் என்பது போல. "ஐயா, இது இஸ்திரி மெஷின்ல மாட்டினது. அந்தம்மாவுக்கு வாரா வாரம் படுக்கை விரிப்பு கொண்டு போய்க் குடுக்கிறதே நான்தான். இந்தக் கையாலதான் குடுப்பேன். அந்தப் பொண்ண நான் பாத்ததுகூட இல்ல. நீங்க வந்துட்டீங்க, இனி எனக்குப் பயமில்ல. கடைசி அஞ்சு நிமிஷத்துல எல்லாத்தையும் சரி பண்ணிடுவீங்க."

"பர்ரா," என்றார் வெண்டெல். அதற்கு மேல் எழுதிக் கொடுத்தவர் யாரும் இல்லை.

"என் பொண்டாட்டிகிட்ட மட்டும் சொல்லிடுங்க ஐயா. ரெஃபுகியா. மாசமா இருக்கா. நீங்க வந்தீங்கன்னு சொன்னாலே போதும், சாப்பிட்டுடுவா."

அவனைத் தள்ளிக்கொண்டு போனார்கள். போகும்போதும் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனான்.

வெண்டெல் அங்கிருந்து விடுதிக்குப் போனார். மிஸஸ் நோவோட்னி கூடத்தில் சாய்வு நாற்காலியில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். அவரைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே அவர் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னார். நாடகம், பூக்கடைக்காரன், ஆஸ்ஸி உரித்த ஈரத் தோல், எல்லாம்.

அவள் கடைசி வரை கேட்டாள். 

"அப்ப அடேல் எங்க?" என்றாள்.

"தெரியலம்மா."

"அந்த ஆளு இல்லன்னா வேற யாரு?"

"யாருமே இல்லாமலும் இருக்கலாம். வேற ஊருக்குப் போயிருக்கலாம். கடுதாசி போட வெக்கப்பட்டுக்கிட்டு எங்கயாவது…"

"நீங்க பெத்திருக்கீங்களா மிஸ்டர் ப்ரைஸ்?"

"இல்ல."

"நான் இந்த ஊருக்கு வந்து கேக்காத ஆளில்ல. எல்லாரும் தெரியாதுன்னாங்க. ஒருத்தராவது பாவம்னுகூடச் சொல்லல. நேத்துதான் போலீஸ்காரன் எனக்கு நாற்காலி போட்டான். நேத்துதான் எனக்கு ஒரு ஆள் கெடச்சிருக்கான். அவனையும் எடுத்துக்கிட்டுப் போகாதீங்க."

"அவன் ஒண்ணும் செய்யலம்மா. அவன் பொண்டாட்டி மாசமா இருக்கா."

அவள் எழுந்து மாடிப்படி ஏறினாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பாரம் தூக்குகிறவள் போல ஏறினாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

அந்த வாரம் முழுக்க வெண்டெல் அலைந்தார். பேப்பர் ஆபீஸில் அவருடைய பேச்சைக் கேட்டுவிட்டு, தன்னடக்கம் மிகுந்த துப்பறிவாளர் என்று இன்னொரு செய்தி போட்டார்கள். வக்கீல் ஒருவர், பொறுங்கள், கேஸ் நீதிமன்றத்துக்கு வரட்டும் என்றார். டிப்பெட் இந்த முறையும் ஆப்பிள் பை அறுத்து வைத்தாள். "நாடகத்துல வந்தவன் உசரம், இவன் குட்டை. எனக்கு அந்த வித்தியாசம் தெரியாதா ஐயா?" என்று சிரித்தாள். ரெஃபுகியாவின் வீட்டைக் கண்டுபிடித்துப் போனார். அவர் வந்த செய்தியைக் கேட்டு அவள் நிஜமாகவே அழுது, அவர் கையை முத்தமிட்டு, அக்கம்பக்கத்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். அதற்கு மேல் அந்த வீட்டில் அவரால் இருக்க முடியவில்லை.

ஞாயிறு வந்தது. அரங்கம் நிறைந்திருந்தது, பேப்பர் செய்த வேலை. இரண்டாவது நாடகம் வரை பொறுத்தால் மைக்கில் சொல்லப் போகிற உண்மை இந்த ஊர்க்காரர்கள் காதிலேயே விழும் என்று ஆஸ்ஸி சொன்னான். வெண்டெலுக்கும் அது தெரியும். ஆனால் தன்னையும் அவருக்குத் தெரியும். ஒரு தடவை வாயை மூடிக்கொண்டு நல்லபடியாக முடித்துவிட்டால், இரண்டாம் தடவைக்கு அந்தத் துணிச்சல் மிஞ்சாது.

சிவப்பு விளக்கு எரிந்தது. கடைசிக் காட்சி. கில் பாரோ கொலைகாரனின் பெயரைச் சொல்ல வேண்டிய இடம். வெண்டெல் தாள்களைக் கீழே போட்டார்.

"என் பேரு வெண்டெல் ப்ரைஸ். நான் துப்பறிவாளன் இல்ல, நடிகன். ஹாலிவுட்ல எலிசியோ பர்ராங்கிற ஒருத்தர ஜெயில்ல வெச்சிருக்காங்க. அவர் மேல சொல்ற சாட்சியம் ஈஸ்டருக்கு முன்னாடி நாங்க போட்ட நாடகம். அந்தக் கை…"

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இயக்குநர் தொண்டையை அறுக்கிற மாதிரி கையைக் காட்டினார். ஆஸ்ஸியைப் பார்த்து, சுடு, சுடு என்று சைகை செய்தார். ஆஸ்ஸி பிரம்பைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான். பிறகு பின்னணி இசை வாசிக்கிற ஆர்கன்காரர் பத்து விரலாலும் அமுக்கினார். அதற்கு மேல் வெண்டெல் பேசியது அவருக்கே கேட்கவில்லை.

அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது. இப்படி ஒரு முடிவை அவர்கள் இதுவரை பார்த்ததில்லை.

வைனர் தாழ்வாரத்தில் காத்திருந்தான். கத்தவில்லை. "தொப்பிய எடுத்துக்க வெண்டெல். ஆஸ்ஸி, நீயும்."

இரண்டாவது நாடகத்தில் லெஸ்டர் க்வேட் கில் பாரோவாக நடித்தான். வாரா வாரம் பிணமாகவும் ஓட்டல்காரனாகவும் வருகிறவன். ஏழு வருஷம் பக்கத்தில் நின்று கேட்டு வெண்டெலின் குரலை அப்படியே பிடித்து வைத்திருந்தான். அதைத்தான் அந்த ஊர் கேட்டது. கோவெலின் வீட்டுக்காரி கேட்டாள், டிப்பெட் கேட்டாள். குரல் மாறியது யாருக்கும் தெரியவில்லை. கில் பாரோ கொலைகாரனைக் கண்டுபிடித்தார், மாத்திரை விளம்பரம் வந்தது. கிழக்கே கேட்டவர்களில் சிலர், அந்தப் புதுமையான முடிவு பிரமாதம் என்று பாராட்டி எழுதியிருந்ததாகப் பின்னால் காதில் விழுந்தது.

வேறெந்த ரேடியோ நிலையத்திலும் வெண்டெலுக்கு வேலை கிடைக்கவில்லை. நேரலையில் நம்ப முடியாத ஆள் என்று பேச்சு பரவிவிட்டது. ஆஸ்ஸி சான் டியேகோவில் மச்சானுடைய டயர் கடைக்குப் போய்ச் சேர்ந்தான். வெண்டெல் சாட்சி சொல்வதற்காகக் காத்திருந்தார். என்ன சட்டை போடுவது, கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேசுவதா வேண்டாமா என்றுகூட யோசித்து வைத்திருந்தார்.

கேஸ் நீதிமன்றத்துக்கு வரவே இல்லை. நவம்பரில் ஒரு நாள் பேப்பரின் உள்பக்கத்தில் நாலு வரி. காவலில் இருந்த பர்ரா படியில் தவறி விழுந்து இறந்தான். பெயரில் ஓர் எழுத்துப் பிழை.

வெண்டெல் போலீஸ் நிலையத்துக்குப் போனார். கோவெல் அவரை உட்காரச் சொல்லவில்லை. "பொணத்த எங்க போட்டேன்னு கடைசி வரைக்கும் சொல்லலை. கல்லுளிமங்கன்," என்றார். "கேஸ் முடிஞ்சுது சார். வீட்டுக்குப் போங்க." அந்த நிலையம் ஒரே தளம். வெளியே வந்து நின்று பார்த்தபோதுதான் வெண்டெலுக்கு அது உறைத்தது. வாசலில் இருந்த மூன்று படியைத் தவிர அங்கே வேறு படியே இல்லை. திரும்பி உள்ளே போய்க் கேட்கலாம். கேட்டு என்ன ஆகப் போகிறது என்று நினைத்தார், நினைத்தபடியே இறங்கினார்.

ரெஃபுகியா வீட்டுக்குப் போக இரண்டு முறை கிளம்பினார். இரண்டு முறையும் தெருமுனையோடு திரும்பிவிட்டார்.

மிஸஸ் நோவோட்னி ஊருக்குக் கிளம்புகிறாள் என்று விடுதிக்காரர் சொல்லித் தெரிந்தது. பஸ் நிலையத்தில் அதே கோட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்து போகவில்லை. பக்கத்தில் இருந்த பெட்டியை எடுத்துக் கீழே வைத்து இடம் விட்டாள்.

"அவன் செத்துட்டானாமே," என்றாள்.

"ஆமாம்மா."

ஒலிபெருக்கியில் யாரோ ஊர்களின் பெயரை வரிசையாகச் சொன்னார்கள். நெப்ராஸ்காவின் ஒமாஹா கடைசியில் வந்தது.

"நீங்க அன்னிக்குச் சொன்னத நான் நம்பலன்னு நெனச்சுக்கிட்டு இருக்கீங்க," என்றாள் அவள். "நம்பினேன். நீங்க சொல்லச் சொல்லவே நம்பிட்டேன். அந்தம்மா கிராம்புன்னு சொன்னப்பவே எனக்கும் எங்கயோ கேட்டாப்ல இருந்துச்சு. நானும்தான அந்த நாடகத்தக் கேட்டேன். அடுப்படியில தனியா உக்காந்து கேட்டேன்."

வெண்டெல் அவளைப் பார்த்தார். அவள் எதிரே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒத்துக்கிட்டா நான் மறுபடியும் அந்தக் கதவுகிட்டப் போய் நிக்கணும். மொதல்லேர்ந்து. என்னால முடியல மிஸ்டர் ப்ரைஸ். அவன விட்டுடுவாங்க, எப்படியும் விட்டுடுவாங்கன்னு நெனச்சேன். அது வரைக்குமாவது யாரோ தேடிக்கிட்டு இருக்காங்கன்னு இருக்கட்டும்னு நெனச்சேன்."

அவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ட்ராமில் இருந்து இறங்காமல் உட்கார்ந்திருந்தவர்தான். 

"அவனோட கொழந்த பொறந்துடுச்சா?" என்றாள்.

"இன்னும் இருக்காது. புது வருஷம் பொறந்ததும்னு அந்த வீட்டுல சொன்னாங்க."

அவள் தலையை ஆட்டினாள். பஸ் வந்து நின்றது. பெட்டியை அவர் தூக்கப் போனார், அவள் விடவில்லை. படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அவ உக்காந்து பாத்த எடம் உங்களுக்கு ஞாபகம் இருக்கா? அரங்கத்துல?"

"விளக்கு எங்க கண்ணுல அடிக்கும்மா. முன் வரிசைக்குப் பின்னாடி எதுவும் தெரியாது."

"அவ பின்னாடிதான் உக்காந்திருப்பா," என்றாள் மிஸஸ் நோவோட்னி. "முன்னாடி உக்கார வெக்கப்படுவா."

உள்ளே போனாள். ஜன்னல்கள் தூசி படிந்திருந்தன, வெயில் வேறு எதிரில் அடித்தது. எந்த இருக்கையில் அவள் உட்கார்ந்தாள் என்று அவருக்குத் தெரியவில்லை. பஸ் பின்வாங்கித் திரும்பி, புகையைக் கக்கிக்கொண்டு தெருவில் இறங்கியது. வெண்டெல் தொப்பியைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வயிறு எரிய ஆரம்பித்தது. பால் கிடைக்கிற கடை எது என்று பார்த்துக்கொண்டு நடந்தார்.